சேலத்தில் இருந்தபடியே கடல் வானிலை கற்பது எப்படி? பாய்மரப் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்துக்குக் கடல் கிடையாது. கிட்டத்தில் இருக்கிற கடற்கரை என்று பார்த்தால் கடலூர், புதுச்சேரிப் பக்கம்தான். அதற்கே சுமார் 200 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும் பாய்மரப் படகில் கடல் தாண்டும் ஆசை இந்த ஊரிலும் சிலருக்கு வரத்தான் செய்கிறது. 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பிய கடற்படையின் ‘தாரிணி’ படகில் இருந்தவர்கள் இரண்டே பேர்: தில்னா, ரூபா. ரூபா புதுச்சேரிக்காரர். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நாமும் பழகினால் என்ன என்று நினைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாய் ஏற்றுவதையும் சுக்கான் பிடிப்பதையும் தண்ணீரில் இறங்கித்தான் பழக முடியும். அதற்குச் சென்னை போயாக வேண்டும். வானிலை அப்படியில்லை. நம் தலைக்கு மேல் போகிற காற்று ஒன்று அரபிக்கடலைத் தாண்டி வந்தது, இல்லையென்றால் வங்கக்கடலைத் தாண்டி வந்தது. அதை இங்கிருந்தே படிக்கலாம். செல்போனில் முன்னறிவிப்பு பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அது சொன்னபடி நடக்கிறதா என்று அளந்து பார்ப்பதும், நடக்காதபோது உடனே கண்டுகொள்வதும்தான் கடலில் ஆளைக் காக்கும். அந்தப் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளச் சேலமும் ஏற்காடும் போதும். ஒரு முழு வருஷம் ஒதுக்குங்கள்.

படி 1: முதலில் வருஷத்தைப் படியுங்கள்

இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் காற்று வருஷத்துக்கு இரண்டு முறை திசை மாறும். உலகில் வேறெந்தப் பெருங்கடலிலும் இவ்வளவு பெரிய மாற்றம் இல்லை. ஆசிய நிலப்பரப்பு கோடையில் கடலைவிடச் சூடாகிறது. அங்கே காற்றழுத்தம் குறைந்து, கடலிலிருந்து காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. குளிர்காலத்தில் இது தலைகீழாக நடக்கும். பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக வராமல் வளைந்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்தும், அப்புறம் வடகிழக்கிலிருந்தும் வருகிறது.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் ஜூன் 1. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். மழைக்காக நாம் பார்க்கிற இந்தத் தேதிகளைப் பாய்மரக்காரர் காற்றுக்காகப் பார்க்கிறார். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சேலத்தில் சொல்கிறோமே, அந்த ஆடி மாதத்தில் அரபிக்கடலின் மேற்குப் பாதியில் காற்று 30 நாட் வேகத்தை (ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர்) தாண்டி நாள்கணக்கில் அடிக்கும். அலை 4, 5 மீட்டர் எழும். சிறிய பாய்மரப் படகு அந்தச் சமயத்தில் அங்கே போகக்கூடாது.

ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களும் புயல் காலம். வங்கக்கடலில் உருவாகும் புயல்கள் அரபிக்கடலைவிடப் பல மடங்கு அதிகம். மீதி என்ன இருக்கிறது? ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முதல் பாதி. வடகிழக்குக் காற்று 10 முதல் 20 நாட்டுக்குள் நிதானமாக வீசும், புயல் அரிது, வானம் தெளிவு. நம் கடலில் நெடும்பயணத்துக்கு இதுதான் காலம். தேதியைத் தப்பாகப் பிடித்தால், பிற்பாடு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வரைபடம் பார்த்தாலும் ஈடுகட்ட முடியாது.

படி 2: காற்றழுத்த நோட்டு போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பல செல்போன்களில் காற்றழுத்தமானி உள்ளேயே இருக்கிறது. அதைக் காட்டும் இலவசச் செயலிகள் கிடைக்கும். தினமும் நான்கு வேளை குறியுங்கள்: காலை 10, மாலை 4, இரவு 10. நான்காவது அதிகாலை 4. அதற்கு எழ முடிந்த நாளில் எழுங்கள்.

ஏன் இந்த நேரங்கள்? வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம். மாலை 4, அதிகாலை 4 வாக்கில் தாழ்வு. வித்தியாசம் சுமார் 3 மில்லிபார் (காற்றழுத்தத்தின் அலகு, செயலியில் hPa என்றும் இருக்கும்); சேலம் போன்ற உள்நாட்டு ஊரில் கோடையில் இன்னும் கொஞ்சம் கூடும். இது தெரியாதவர் மத்தியானம் அழுத்தம் இறங்குவதைப் பார்த்துப் புயல் வருகிறது என்று பயப்படுவார். அதைவிட மோசம், உண்மையிலேயே புயல் நெருங்கும்போது காலை ஏற்றம் அதை மறைத்துவிட, ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவார்.

ஆகவே ஒப்பிடும்போது நேற்று இதே நேரத்தோடு ஒப்பிடுங்கள். கடலில் மாலுமிகள் நெடுங்காலமாக வைத்திருக்கும் அளவு இது: அந்தப் பகுதிக்கு, அந்த மாதத்துக்கு, அந்த வேளைக்கு உரிய அழுத்தத்தைவிட 3 மில்லிபார் குறைந்தால் உஷாராக வேண்டும், 5 குறைந்தால் அருகில் வெப்பமண்டலப் புயல் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் போன் 978, 980 என்று காட்டும். வானிலைச் செய்தி 1010 என்று சொல்லும். இரண்டும் சரிதான். தாழ்ந்த உயரங்களில் ஏறத்தாழ 9 மீட்டர் ஏறினால் 1 மில்லிபார் குறையும். செய்தியில் வருவது கடல் மட்டத்துக்குத் திருத்திய எண். உங்களுக்கு எண் முக்கியமில்லை, அதன் போக்கு முக்கியம்.

படி 3: ஏற்காடு ஏறி, 850-ஐப் பிடியுங்கள்

அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும், பின்னால் உட்கார்ந்திருப்பவர் எண்ணைப் படிக்கட்டும். மூங்கில் புதர் குறைந்து சில்வர் ஓக்கும் காப்பிச் செடியும் தொடங்கும்போது எண் 900-ஐ விட்டு இறங்கிக்கொண்டிருக்கும். மேலே, 1,500 மீட்டரை ஒட்டிய இடத்தில் நின்றால் 850-ன் பக்கத்தில் நிற்கும். காற்று என்பது எடையுள்ள ஒரு பொருள் என்பதைப் பாடப் புத்தகத்தைவிட இந்த அரை மணி நேரப் பயணம் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வானிலை வல்லுநர்கள் பருவக்காற்றைப் பார்க்கும்போது முதலில் திறப்பது 850 மில்லிபார் வரைபடம். கென்யா, சோமாலியா ஓரமாகக் கிளம்பி அரபிக்கடலைக் கடந்து நம் தீபகற்பத்துக்குள் பாய்கிற தாழ்நிலைக் காற்றோடை அந்த உயரத்தில்தான் வலுவாக ஓடுகிறது. 1960-களில் அதை ஆராய்ந்து எழுதிய ஃபின்ட்லேட்டர் என்பவர் பெயரால் அழைக்கிறார்கள். அந்த மட்டத்தில் நேராகப் போய் நிற்பதற்கு நம் ஊரில் ஒரு மலை இருக்கிறது! ஜூலையில் சேர்வராயன் கோயில் மேட்டில் நின்று மேற்கே முகத்தைக் காட்டுங்கள். காற்று வரைபடம் காட்டும் விண்டி செயலியைத் திறந்து, உயரத்தை 850-க்கு மாற்றி, ஏற்காட்டின் மேல் என்ன திசை, எத்தனை நாட் என்று பாருங்கள். அப்புறம் அதே வரைபடத்தை மெதுவாக மேற்கே தள்ளினால் கொச்சி, லட்சத்தீவு, அரபிக்கடல் நடுப்பகுதி. உங்கள் முகத்தில் அடிக்கிற காற்றின் வேர் எது என்று தெரியும். மேற்குக் காற்று இங்கே தொய்ந்த வாரத்தில் அங்கேயும் ஓடை தொய்ந்திருப்பதைப் பல முறை காண்பீர்கள்.

சேலம் டவுனுக்குள் கொடி பறக்கிற திசையை நம்ப வேண்டாம். வடக்கே சேர்வராயன், மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று சுற்றிலும் மலை. தரைக்காற்று அவற்றில் மோதித் திரும்புகிறது. தாழ்வான மேகம் நகரும் திசையைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. மொட்டை மாடியில் ஏதாவது ஒரு கம்பத்தின் நுனியை மேகத்தோடு ஒட்டிப் பார்த்தால் திசை சட்டென்று பிடிபடும்.

ஏற்காடு ஏரிக்கரையில் இன்னொரு பாடம் இருக்கிறது. படகுத்துறைப் பக்கம் நின்று தண்ணீரின் மேற்பரப்பைக் கவனியுங்கள். அங்கங்கே கருமையான திட்டுகள் தோன்றி நகரும். ஒவ்வொன்றும் ஒரு வேகமான காற்று வீச்சு. அது உங்கள் பக்கம் வரும்போது எத்தனை வினாடியில் முகத்தில் படும் என்று மனத்துக்குள் எண்ணுங்கள். பாய்மரப் படகில் நாள் முழுக்கச் செய்கிற வேலை இதுதான். திறந்த கடலில் 7 முதல் 10 நாட் காற்றில் அங்கொன்று இங்கொன்றாக வெள்ளை நுரை தெரியும். 11 முதல் 16-ல் நிறையத் தெரியும். 17-ஐத் தாண்டினால் எங்கும் நுரைதான். 1805-ல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பியூஃபோர்ட் வகுத்த காற்றளவு முதலில் கப்பல் எவ்வளவு பாய் தாங்கும் என்பதை வைத்து உருவானது; இப்படிக் கடலின் தோற்றத்தைக் கண்ணால் பார்த்து அளப்பது பின்னால் சேர்ந்தது.

படி 4: இடிமழையைத் தூரத்திலிருந்து படியுங்கள்

ஏப்ரல், மே மாலைகளில் ஏற்காட்டின் பகோடா பாயின்ட்டிலிருந்தும் லேடீஸ் சீட்டிலிருந்தும் சமவெளியில் இடிமேகம் வளர்வது முழுதாகத் தெரியும். கீழே நிற்கிறவருக்கு இந்தக் காட்சி கிடைக்காது. படகில் இருப்பவருக்குக் கிடைக்கும். மேகத்தின் உச்சி தட்டையாகி ஒரு பக்கமாக நீண்டால் அது முழு வளர்ச்சி அடைந்துவிட்டது. அடியில் கருத்த சாம்பல் திரையாக மழை இறங்கும். மழையோடு குளிர்ந்த காற்றும் கீழே விழுந்து, தரையில் மோதி, நாலா பக்கமும் பரவும். மழைக்கு முன்னால் சட்டென்று வீசும் மண்வாசனையோடு கூடிய குளிர்காற்று அதுதான். கடலில் அதே காற்று 12 நாட்டிலிருந்து 35 நாட்டுக்கு ஒரு நிமிஷத்தில் தாவும்.

கையில் ஒரு திசைகாட்டி வைத்துக்கொண்டு மேகத்தின் கோணத்தைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை குறியுங்கள். கோணம் மாறிக்கொண்டே போனால் அது உங்களைக் கடந்து போய்விடும். கோணம் மாறாமல் மேகம் மட்டும் பெரிதானால் உங்களை நோக்கித்தான் வருகிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து, 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால் திறந்த மேட்டை விட்டு உடனே வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 20 நாட்டிலிருந்து 28 நாட்டுக்குப் போனால் பாயின் மேல் விழும் சுமை இரண்டு மடங்கு. முன்னறிவிப்பில் வருவதோ சராசரி வேகம். இடையிடையே வருகிற வீச்சு அதைவிட மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் கூடுதலாக இருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் பாயைச் சுருக்கலாமா என்ற யோசனை முதலில் வந்த கணத்திலேயே சுருக்கிவிடுகிறார்கள். தரையில் இடிமழை பெரும்பாலும் மாலையில் வரும். கடல் மேல் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வருவது அதிகம், ஆட்கள் களைத்திருக்கும் நேரம் பார்த்து.

படி 5: வரைபடமும் மாடலும்

சம அழுத்தக் கோடுகள் நெருங்கியிருந்தால் காற்று பலம், விலகியிருந்தால் மெலிவு. இது நடு அட்சரேகைகளுக்கு நன்றாகப் பொருந்தும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் கோடுகளை வைத்துக் காற்றைக் கணிப்பது சரிப்படாது. அங்கே காற்றின் ஓட்டத்தையே காட்டும் வரைபடத்தைப் பாருங்கள்.

மாடல் என்பது வானிலையைக் கணினியில் கணித்துச் சொல்லும் முறை. அமெரிக்க ஜிஎஃப்எஸ், ஐரோப்பிய மாடல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது சரி என்று தேட வேண்டாம். இரண்டும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். பிரிந்தால் வானமே இன்னும் முடிவெடுக்கவில்லை என்று பொருள், நீங்களும் எடுக்காதீர்கள். மூன்று நாள் வரை காற்றை நம்பலாம். ஐந்து நாள் வரை போக்கை நம்பலாம். அதற்கு மேல் வண்ணப் படம்தான். நோட்டில் ஒரு பத்தியில் முன்னறிவிப்பையும், அடுத்ததில் நடந்ததையும் எழுதுங்கள். சில மாதங்களில் மாடல் எங்கே சறுக்குகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இடிமழை நேரமும் மலையோரக் காற்றும் முதலில் வரும்.

படி 6: அலை வேறு, காற்று வேறு

உள்நாட்டுக்காரர்களான நமக்கு இது புதிது. காற்றே இல்லாத நாளிலும் கடல் புரளும். எங்கோ தொலைவில் அடித்த காற்று எழுப்பிய அலை நாள்கணக்கில் பயணம் செய்து வந்து சேரும். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் அவ்வப்போது ஊருக்குள் புகும் கள்ளக்கடல், தென்துருவம் பக்கத்துப் பெருங்கடலில் எழுந்த அலைதான். ஆழ்கடலில் அலைக்கூட்டத்தின் வேகத்தைச் சொல்ல ஒரு சுலபக் கணக்கு: இரண்டு முகடுகளுக்கு இடையே எத்தனை வினாடியோ அதை ஒன்றரையால் பெருக்கினால் நாட் கிடைக்கும். 16 வினாடி அலை 24 நாட்டில் வரும். 3,000 கடல் மைலை (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்) ஐந்து நாளுக்குச் சற்று மேல் கடந்துவிடும்.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இந்தியக் கடல்களுக்கு அலை உயரம், கால இடைவெளி, நீரோட்டம் எல்லாவற்றையும் தினமும் வெளியிடுகிறது. அதில் அலை உயரம் 2 மீட்டர் என்றால், உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. தனி அலை ஒன்று ஏறத்தாழ இரு மடங்காகவும் வரும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக ஓடும் இடத்தில் அலை செங்குத்தாகும். சிறிய படகுக்கு உயரத்தைவிட இந்தச் செங்குத்துதான் ஆபத்து.

படி 7: புயலின் எந்தப் பக்கம் நிற்கிறோம்?

வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தாழ்வழுத்த மையம் உங்கள் இடது கைப் பக்கம், சற்று முன்னே தள்ளி இருக்கும். 1857-ல் டச்சு அறிஞர் பாய்ஸ் பாலட் வெளியிட்ட விதி இது. சேலத்தில் சோதித்துப் பார்க்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் பல மணி நேரம் நின்று, பிறகு மெல்ல உள்நாட்டுக்குள் வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படியொரு தாழ்வு நிலை நமக்குக் கிழக்கே இருக்கும்போது தாழ் மேகம் வடக்கிலிருந்து ஓடும். அது நமக்கு வடக்கே வந்ததும் மேகம் மேற்கிலிருந்து ஓடும். காற்று வடக்கு, மேற்கு, தெற்கு என்று இடஞ்சுழியாக மாறினால் நீங்கள் புயல் பாதையின் இடப்பக்கம். வலஞ்சுழியாக மாறினால் வலப்பக்கம். திசை மாறாமல் காற்று மட்டும் ஏறினால் நேர் பாதையில்.

கடலில் இது உயிர் விஷயம். நம் அரைக்கோளத்தில் வலப்பக்கம் மோசமானது: புயல் நகரும் வேகமும் சுழலும் வேகமும் அங்கே ஒன்று சேரும், அந்தக் காற்று படகைப் பாதைக்குள்ளேயே தள்ளும். அங்கே மாட்டினால் காற்று வலது முன்பக்கம் படும்படி வைத்து விலக முயல வேண்டும். இடப்பக்கமோ நேர் பாதையோ என்றால் காற்றை வலது பின்பக்கம் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். தென் அரைக்கோளத்தில் இடம் வலம் எல்லாம் தலைகீழ்.

ஆனால் அந்த நிலைக்கே போகாமல் இருப்பதுதான் திறமை. புயல் மையம் எங்கே இருக்கும் என்ற கணிப்பில் 24 மணி நேரத்துக்கு 100 கடல் மைல், 48-க்கு 200, 72-க்கு 300 தவறு இருக்கலாம் என்று வைத்து, 34 நாட் காற்று வீசும் வட்டத்தையும் அதோடு கூட்டி, அதற்கு வெளியே நில்லுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 17 நாட் தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 28-ல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 34-ல் புயல். பெயர் அப்போதுதான் வைப்பார்கள். பெயர் வைக்கட்டும் என்று காத்திருக்கக்கூடாது. 2017-ல் ஒக்கி நவம்பர் 29 முற்பகலில் தாழ்வு மண்டலம். 30 முற்பகலில் கன்னியாகுமரி அருகே புயல். ஒரே நாள். கடலில் இருந்த மீனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. ஆறு நாட்டில் போகும் பாய்மரப் படகு ஒரு நாளில் 144 கடல் மைல்தான் நகரும்.

படி 8: காகிதத்தில் ஒரு பயணம்

சென்னையிலிருந்து போர்ட் பிளேர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரம். நேர்க்கோட்டில் சுமார் 735 கடல் மைல். துறைமுகம் கிழக்குக் கரையில் இருப்பதால் தெற்கு அந்தமானுக்கும் சிறிய அந்தமானுக்கும் இடையே உள்ள டங்கன் நீரிணை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். சராசரி 5 நாட் என்றால் ஆறு நாளுக்கு மேல். முன்னறிவிப்பை நம்பக்கூடிய காலத்தைவிடப் பயணம் நீளமானது என்பதை இங்கேயே கவனியுங்கள். கடைசி நாளுக்கான வானிலையை வழியில்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஜனவரியில் வடகிழக்குக் காற்று. போகும் திசை கிழக்கு, கொஞ்சம் தெற்கு. காற்று இடது முன்பக்கம் சுமார் 50 பாகையில் படும்; படகு சாய்ந்து, தண்ணீர் தெளித்து, கொஞ்சம் கஷ்டப்பட்டுப் போகும். திரும்பும்போது அதே காற்று வலது பின்பக்கம், சொகுசு. ஆகவே போகும்போது காற்று 15 நாட்டுக்குள் இருக்கிற ஒரு வாரத்துக்காகச் சென்னையில் காத்திருப்பது மேல். இதைச் சேலத்திலிருந்தே ஓட்டிப் பாருங்கள். ஒரு தேதியில் கிளம்பியதாக வைத்து, தினமும் காலை உங்கள் இடத்தைக் கணக்கிட்டு, அன்றைய முன்னறிவிப்பை எடுத்து, பாய் அளவு, திசை என்று முடிவை எழுதுங்கள். ஜனவரியில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை. நவம்பர் ஓட்டத்தில் தென்கிழக்கு வங்கக்கடலில் மேகக்கூட்டம் திரளும்போது திரும்புவதா தொடர்வதா என்று கை நடுங்கினால் நல்லது. அந்த முடிவை எடுத்துப் பழக வேண்டிய இடம் வீடுதான்.

படி 9: தெற்கே போக நினைப்பவர்களுக்கு

40 பாகை தென் அட்சரேகைக்குக் கீழே மேற்குக் காற்று ஓயாது, தடுக்க நிலமில்லை. அங்கே முன்னெல்லைகளின், அதாவது சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் எல்லைகளின், ஆட்சி. வடமேற்குக் காற்று ஏறும், அழுத்தம் விழும். எல்லை கடந்ததும் காற்று தென்மேற்குக்குத் தாவும், அழுத்தம் ஏறும். பழைய அலை ஒரு பக்கம், புதிய அலை ஒரு பக்கம் என்று குறுக்கே மோதிக்கொள்ளும் அந்த மணி நேரங்களில்தான் படகுகள் கவிழ்கின்றன. 2018 செப்டம்பரில், தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் பாய்மரம் முறிந்து அவர் முதுகெலும்பில் அடிபட்டது தென் இந்தியப் பெருங்கடலின் புயலில்தான். மீட்கப்பட்டு, குணமாகி, அதே பந்தயத்தின் அடுத்த ஓட்டத்தில் 2023-ல் இரண்டாவதாக வந்தார். முதல் நெடும்பயணத்துக்கு இந்தக் கடல் வேண்டாம்.

படி 10: படகில் தினசரி வேலை

ஒவ்வொரு மணி நேரமும் அழுத்தம், காற்றின் திசை, வேகம், அலை வரும் திசை, மேகம். முன்னறிவிப்பு கையில் வரும்போது அதை நோட்டோடு ஒப்பிட்டு, அழுத்தம், காற்றின் திசை, வேகம் என்ற மூன்றில் இரண்டு பொருந்தவில்லை என்றால் அந்த முன்னறிவிப்பை ஒதுக்கிவையுங்கள். டெல்லியில் உள்ள மண்டலப் புயல் எச்சரிக்கை மையத்தின் தினசரி அறிக்கையை முதலில் படியுங்கள், வண்ண வரைபடத்தை அப்புறம். கரையில் ஒருவரை நியமித்து, அவர் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வடிவத்தில் நாலு வரி அனுப்பும்படி ஏற்பாடு செய்யுங்கள். சேலத்தில் உங்களோடு நோட்டு போட்டுப் பழகிய நண்பர் இதற்கு ஏற்றவர். செயற்கைக்கோள் போன் வாங்குவதற்கு முன் ஒன்று கவனியுங்கள்: துராயா, இரிடியம் போன்றவற்றை அரசின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். தொலைத்தொடர்புத் துறை அனுமதிக்கான விண்ணப்பத்தைப் பயணத்துக்குப் பல மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.